அன்டிவைரஸ் நீக்கிய பிறகு ரெஜிஸ்ட்ரியில் எதைத் தொடலாம்?

கண்டி நகரிலோ கட்டுகஸ்தோட்டையிலோ கணினி திருத்தும் கடையில் வேலைக்குச் சேருகிறீர்களா? இந்த வேலை சீக்கிரமே உங்கள் மேசைக்கு வரும். தவணை முடிந்த அன்டிவைரஸை வாடிக்கையாளர் நீக்கியிருப்பார். புதியதைப் போட்டால், பழையது இன்னும் இருக்கிறது என்று சொல்லி ஏற மறுக்கும். ரெஜெடிட்டைத் திறந்து, பழையதன் பெயரைத் தேடி, கண்டதையெல்லாம் அழித்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

முதலில் தயாரிப்பாளரின் சொந்த நீக்கும் கருவியை ஓட்டுங்கள். மெக்அஃபீக்கு எம்சிபிஆர், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவி ரிமூவர், அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சிலவற்றை சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். அதற்கு முன் பிட்லொக்கர் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 உள்ள பல லெப்டொப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அது உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பெரும்பாலும் வேலை இத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் 'சொஃப்ட்வெயார்' கிளையில் பழைய பெயரில் ஒரு ஃபோல்டர் கிடந்தால், அது சில கிலோபைட்தான். கணினியின் வேகத்தை அது குறைக்காது, விட்டுவிடலாம்.

தொல்லை தருபவை சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட் என்று போகும் கிளையின் கீழே உள்ள இரண்டு இடங்கள். ஒன்று 'சர்வீசஸ்'. அன்டிவைரஸின் டிரைவர்கள் இங்கேதான் பதிவாகின்றன. சந்தேகமான பதிவில் 'இமேஜ் பாத்' எந்தக் கோப்பைக் காட்டுகிறது என்று பார்த்து, அந்தக் கோப்பில் கையொப்பமிட்ட நிறுவனம் எதுவென்று உறுதி செய்யுங்கள். பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம்.

மற்றது 'கன்ட்ரோல்' கிளைக்குள் இருக்கும் 'கிளாஸ்'. அதில் கீபோர்ட், டிஸ்க் போன்ற ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் 'அப்பர் ஃபில்டர்ஸ்' என்ற பட்டியல் இருக்கலாம். சில அன்டிவைரஸ்கள் தங்கள் டிரைவரின் பெயரை இதில் சேர்த்துவிடும். டிரைவர் போய், பெயர் மட்டும் மிஞ்சினால் அந்தச் சாதனம் இயங்காது. அதனால் முதலில் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, பிறகே சர்வீசஸ் பதிவை நீக்குங்கள். எடுக்க வேண்டியது அந்த ஒரு வரியை மட்டும். முழுப் பட்டியலையும் அழித்தால் கீபோர்ட் வகையில் 'கேபிடிகிளாஸ்' போய்விடும், பாஸ்வேர்ட் அடிக்கக்கூட வழியிருக்காது. டிஸ்க் வகையில் 'பார்ட்எம்ஜிஆர்' போனால் விண்டோஸே எழும்பாது. பல்லேகலையில் ஓர் அலுவலகத்துக்குப் போய் இப்படிச் செய்துவிட்டால், பெரஹரா நாட்களில் வீதிகள் மூடுமுன் நீங்கள் கடைக்குத் திரும்ப முடியாது.

எந்தக் கிளையைத் தொட்டாலும் முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வையுங்கள், ரெஸ்டோர் பொயின்ட் ஒன்றும் போடுங்கள். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரியின் தானியங்கி நகல் நிறுத்தப்பட்டுவிட்டது, அதை நம்பி இறங்காதீர்கள்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பதில்லை. 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே தாக்குநர்கள் தீய நிரலைச் செருகிவிட்டார்கள்; அந்தப் பதிப்பு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது.

வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து கீபோர்ட், இணையம், யூஎஸ்பி மூன்றையும் சோதியுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தில் டிஃபென்டர் விழித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அன்டிவைரஸ் இன்னும் அங்கே பதிவாகியிருந்தால் டிஃபென்டர் ஒதுங்கியே நிற்கும். வாடிக்கையாளர் பாதுகாப்பே இல்லாத கணினியை வீட்டுக்குக் கொண்டுபோவார். நீக்கிய ஒவ்வொரு பதிவையும் ஜொப் கார்டில் எழுதி, எக்ஸ்போர்ட் கோப்பின் பெயரையும் குறியுங்கள். அதே கணினி மறுபடி வந்தால், மேசையில் வேறொருவர் இருந்தாலும் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.

நிறுவனக் கணினி என்றால் அங்குள்ள ஐடி பொறுப்பாளரின் எழுத்து மூல அனுமதி வரும்வரை எதையும் நீக்காதீர்கள். அங்கே அன்டிவைரஸ் பெரும்பாலும் ஒரு மத்திய சேர்வரிலிருந்து நிர்வகிக்கப்படும், நீக்குவதற்கான பாஸ்வேர்டும் அவரிடம்தான் இருக்கும்.