நடப்போருக்கு ஒரு வழி, வண்டிக்கு ஒரு வழி

விளைபொருளைக் கிடங்குக்குக் கொண்டு செல்லும் விவசாயி எடையையும் விலையையும் கவனிப்பார். ஈரப்பதம் பார்ப்பதையும் கவனிப்பார். தன் பின்னால் வரும் வண்டியை மட்டும் கவனிக்கத் தவறுவதுண்டு. முன்பு மூட்டைகளை ஆள்களே சுமந்தனர். இன்று குளிர்பதனக் கிடங்குகளிலும், பெரிய உரக் கிடங்கு, விதைக் கிடங்குகளிலும் ‘போர்க்லிப்ட்’ என்னும் சுமை தூக்கும் வண்டி அந்த வேலையைச் செய்கிறது. வேலை விரைவாக முடிகிறது. ஆனால் அதே தரையில் மனிதர்களும் நடமாடினால் உயிருக்கே ஆபத்து உண்டு.

சென்னை அடையாறு பகுதியில், சர்தார் படேல் சாலையில் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் உள்ளது. மத்திய அரசைச் சேர்ந்த இந்நிறுவனம் தொழிற் பாதுகாப்புப் பற்றிய பயிற்சிகளையும் ஆய்வுகளையும் நடத்தி வருகிறது. ஆலைகளில் நெடுநாளாகச் சொல்லித் தரப்படும் தொழிற் பாதுகாப்புப் பாடங்கள் விவசாயிகளுக்கும் பயன்படும். அவற்றில் முக்கியமானது இது: ஆட்களின் கவனத்தை மட்டும் நம்பி விபத்தைத் தடுக்க முடியாது. நடப்பவரும் வண்டியும் ஒரே வழியில் சந்திக்காதபடி ஏற்பாடு செய்வதே முதல் வேலை.

வண்டியின் குணம்

போர்க்லிப்ட் பார்வைக்குச் சிறியது. ஆனால் 2.5 டன் தூக்கக்கூடிய வண்டியின் சொந்த எடையே சுமார் 3.5 முதல் 4 டன் இருக்கும். முன்னால் பாரம் தூக்கும்போது கவிழாமல் இருப்பதற்காக அதன் பின்புறத்தில் கனமான இரும்பு எடை வைக்கப்பட்டிருக்கிறது. 40 கிலோ சிப்பங்கள் 50 ஏற்றினால் மேலும் 2 டன் சேரும். இந்த எடை காலில் ஏறினால்கூட எலும்பு நொறுங்கிவிடும்.

இரண்டாவது, இது பின்சக்கரங்களால் திரும்பும் வண்டி. கார், லாரி போல் முன்சக்கரங்களால் திரும்புவதில்லை. ஆகவே வண்டி இடப்புறம் திரும்பும்போது அதன் பின்பகுதி வலப்புறமாக வீசி வரும். ‘வண்டி அந்தப் பக்கம்தானே போகிறது’ என்று அருகில் நிற்பவர் அட்டிக்கும் வண்டிக்கும் நடுவே நசுங்க நேரிடும்.

மூன்றாவது, முன்னால் உயரமாக அடுக்கிய பாரம் ஓட்டுநரின் பார்வையை மறைத்துவிடும். அப்படிப்பட்ட சமயத்தில் சமதளத்தில் அவர் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது முறை. ஆகவே வண்டி முகம் காட்டும் திசையில்தான் நகரும் என்று எண்ணுவது தவறு.

நான்காவது, மின்கலத்தில் ஓடும் வண்டிகள் அதிகச் சத்தம் போடுவதில்லை. காதால் கேட்டு விலகலாம் என்று இருக்கக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது அதிக வேகமாகத் தோன்றாது. ஆனால் ஒரு வினாடியில் வண்டி 2.8 மீட்டர், அதாவது சுமார் 9 அடி நகர்ந்துவிடும். ஆளைப் பார்த்து ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடி ஆகும். பிறகு வண்டி நிற்க இன்னும் சில அடி வேண்டும். பாரத்துடன் இருக்கும்போது திடீரென்று பிரேக் போட்டால் மூட்டைகள் சரிந்து முன்னால் விழும். எனவே அட்டியின் மறைவிலிருந்து 6 அடி தூரத்தில் ஒருவர் குறுக்கே வந்துவிட்டால், எவ்வளவு திறமையான ஓட்டுநராலும் காப்பாற்ற முடியாது. தவறு யாருடையது என்று பின்னால் பேசிப் பயனில்லை.

கிடங்கில் விவசாயி கவனிக்க வேண்டியவை

1. உள்ளே செல்லுமுன், நடப்பதற்கு எது வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் கோடு போட்ட நடைபாதை இருந்தால் அதைவிட்டு விலகக் கூடாது.

2. வெளி வெயிலிலிருந்து உள்ளே வரும் ஓட்டுநருக்குச் சில வினாடிகள் கண் தெரியாது. நடந்து வருபவருக்கும் அதே நிலைதான். வண்டி நுழையும் வாயிலில் நின்று பேசுவதோ, கணக்குப் பார்ப்பதோ கூடாது.

3. வண்டியைக் கடந்து போக வேண்டுமானால், ஓட்டுநர் நம்மைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, கையசைத்த பிறகே போக வேண்டும்.

4. தூக்கிய கவைகளுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் நிற்கவோ நடக்கவோ கூடாது. கீழே சிந்திய தானியத்தைக் கூட்டுவதானாலும் வண்டி போன பிறகே கூட்ட வேண்டும்.

5. மேல் அட்டியிலிருந்து மூட்டை எடுப்பதற்காகக் கவைமீதோ பலகைத் தட்டின்மீதோ ஏறி உயரச் செல்லக் கூடாது.

6. குழந்தைகளைக் கிடங்குக்குள் அழைத்துச் செல்லக் கூடாது. காதை மூடிய முண்டாசும், காதில் வைத்த செல்போனும் அங்கே வேண்டாம்.

சங்கத்தின் பொறுப்பு

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இன்று சொந்தமாகக் கிடங்கு நடத்துகின்றன. அங்கே பங்கு வைத்துள்ள சிறு விவசாயி, பொருள் கொண்டு வருபவர் மட்டுமல்ல. கிடங்கின் உரிமையாளரும் ஆவார். பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பொதுக்குழுவில் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. வண்டிக்கு ஒரு வாயில், ஆட்களுக்கு வேறு வாயில் வைக்க வேண்டும். குறைந்தது 3 அடி அகலத்தில் நடைபாதை ஒதுக்கி, அதன் ஓரத்தில் இரும்புக் குழாய்த் தடுப்பு அமைப்பது நல்லது. தடுப்புக்கு வசதியில்லாவிட்டால் மஞ்சள் வர்ணக் கோடாவது போட வேண்டும். மூலைகளில் குவிந்த கண்ணாடி மாட்டினால் மறைவில் வருவது தெரியும். இடம் போதாத சிறு கிடங்கில் நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம்: எடை போடும் நேரத்தில் வண்டி ஓடாது, வண்டி ஓடும் நேரத்தில் ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள். பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் கவையைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிட வேண்டும்.

நகரத்தில் சரக்கு இறக்கும்போது

சென்னையின் காய்கறி மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து 1996ல் கோயம்பேட்டுக்கு மாறியது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிக் கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு கொண்டு செல்லும் விவசாயிகளும் இருக்கிறார்கள். இங்கே போர்க்லிப்ட் கிடையாது. ஆனால் ஆபத்து அதே வகையானது. குறுகிய தெருவில் மினி லாரி திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே வர வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் கோயிலுக்குச் செல்வோரும், பால் வாங்க வருவோரும், பூ விற்போரும் அதே தெருவில் நடக்கின்றனர்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் கீழே இறங்கி வழிகாட்ட வேண்டும். அவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நிற்கக் கூடாது. அவர் கண்ணாடியில் தெரியாமல் போனால் ஓட்டுநர் உடனே நிறுத்திவிட வேண்டும்.

சொந்தக் களத்திலும்

இதே பாடம் ஊர்க் களத்துக்கும் பொருந்தும். அறுவடைக் காலத்தில் டிராக்டரும் டிப்பரும் இரவிலும் ஓடுகின்றன. நெல் குவியலுக்குக் காவலாக அதன் அருகிலேயே, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. பின்னோக்கி வரும் டிராக்டர் ஓட்டுபவருக்கு அது ஆள் என்று தெரியாது. தார்ப்பாய் மூடிய நெல் என்றே தோன்றும். காவல் படுக்கை வண்டி ஏற முடியாத திண்ணையிலோ மேடையிலோ இருக்க வேண்டும். படுக்கும் இடத்தில் ஒரு விளக்கு எரிவது அவசியம்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பலர். அதைக் கருதியே 1983ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ‘கவனமாகக் கை வையுங்கள்’ என்று சொன்னது போதவில்லை. இயந்திரத்திலேயே காப்பு இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. ஆளையும் வண்டியையும் பிரித்து வைப்பதும் அத்தகைய காப்புத்தான்.

ஆண்டுதோறும் மார்ச் 4ந் தேதி தேசியப் பாதுகாப்பு தினம் ஆலைகளில் கொண்டாடப்படுகிறது. சங்கக் கிடங்குகளிலும் அன்று தரையைக் கூட்டி, அழிந்த மஞ்சள் கோட்டைப் புதிதாகப் போட்டுவிடலாம். அதற்கு ஒரு டப்பா வர்ணமும் அரை நாள் வேலையும் போதும்.