தொழில் மாறத் துணிவு வேண்டுமா? முதலில் கணக்கைப் பாருங்கள்!

"இந்தக் கடையை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது?" என்ற எண்ணம், இரவில் கல்லாவை எண்ணி முடிக்கும் வேளையில் நம் வணிகர்கள் பலருக்கும் எழுவதுண்டு. விடிந்ததும் பால் வண்டி வந்துவிடும், எண்ணமும் மறைந்துவிடும். இப்படியே ஆண்டுகள் கழிகின்றன. வேறு தொழிலுக்கு மாறும் துணிவை எப்படிப் பெறுவது?

நம் கடைகளில் விற்கும் நிர்மா சலவைத் தூளே இதற்கு ஒரு பாடம். அதைத் தொடங்கிய கர்சன்பாய் படேல், குஜராத் அரசின் சுரங்க, நிலவியல் துறையில் ஆய்வுக்கூட ஊழியராக இருந்தவர். 1969-இல் அகமதாபாத்தில் தம் வீட்டிலேயே தூளைத் தயாரித்து, மகள் நிருபமாவின் பெயரையொட்டி நிர்மா என்று பெயரிட்டு, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். பெரிய நிறுவனத்தின் தூள் கிலோ 13 ரூபாய் அளவில் விற்றபோது அவர் கேட்டது 3 ரூபாய். சுமார் மூன்று ஆண்டுகள் விற்றுப் பார்த்த பிறகே அரசு வேலையை விட்டார். 2010-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. துணிவு முதலில் வரவில்லை. விற்பனை முதலில் வந்தது. அதைக் கண்டபின் துணிவு தானே வந்தது. நாமும் இதே வரிசையில் செல்லலாம்.

1. இன்றைய உண்மை நிலையை அறியுங்கள். மாதம் நாலரை லட்சம் ரூபாய் விற்பனை, 10 சதவீத லாபம் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 45,000. வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம் 25,000 போக மீதி 20,000. சரக்கில் முடங்கிய 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி போட்டால் மாதம் 5,000. ஆக, கணவனும் மனைவியும் விடியற்காலை முதல் இரவு வரை நிற்பதற்கான கூலி 15,000 மட்டுமே. வீட்டுக்கு எடுக்கும் அரிசி, பருப்பையும் மறக்காமல் எழுதுங்கள்.

2. சிறிதாகச் சோதியுங்கள். மசாலாத் தூளோ, பலகாரமோ, எதை மனம் நாடுகிறதோ அதற்கு ஓர் அலமாரித் தட்டை ஒதுக்குங்கள். மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் இரண்டு மணி நேரம் போதும். உணவுப் பொருள் தயாரிப்பதானால் அதற்குரிய பதிவை முதலில் பெறுங்கள். தனி நோட்டில் கணக்கு வையுங்கள். ஒரு முறை வாங்கியவர் மறுபடியும் வருகிறாரா என்பதே பரீட்சை.

3. கடனை நேராக்குங்கள். வெளியில் நிற்கும் பாக்கியை வசூலித்து, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதைத் தீர்த்துவிடுங்கள். நாணயம் கெடாதவருக்குப் புதிய தொழிலிலும் சரக்குக் கிடைக்கும். ஓராண்டு வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வையுங்கள்.

4. எல்லையும் நாளும் குறியுங்கள். எவ்வளவு வரை இழக்கலாம், எந்த மாதம் முடிவெடுப்பது என்பதை வீட்டில் கலந்து பேசி எழுதி வையுங்கள். எல்லையில்லாத சோதனை சூதாட்டமாகிவிடும். நாள் குறிக்காத ஆசை வெறும் பெருமூச்சாகிவிடும்.

"அப்பா வைத்த கடையை மூடினால் ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்குபவர் உண்டு. அப்பா கடை வைத்தது குடும்பம் பிழைக்கத்தான். குடும்பத்தைக் காக்கத் தொழிலை மாற்றுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. கணக்குப் பார்த்தபின் பழைய தொழிலே நல்லது என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. அன்று முதல் மனக்குறையின்றிக் கடை திறக்கலாம்.

வள்ளுவர் தெரிந்து செயல்வகையை 47-ஆம் அதிகாரமாகவும், வினைத்திட்பத்தை 67-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஆராய்தல் முன்னே, உறுதி பின்னே. இன்றிரவு கடை அடைத்ததும் முதல் கணக்கை எழுதத் தொடங்குங்கள்.