பகிடி, கரைச்சல், சேட்டை

கம்பஸோ ஏ.எல்.லோ முடித்து, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடையிலோ வங்கியிலோ கச்சேரியிலோ முதல்நாள் கையெழுத்துப் போடப்போகும் பிள்ளைகளுக்கு, முப்பத்தொரு வருடம் கந்தோர்க் கதிரையில் இருந்து இளைப்பாறிய ஒரு லிகிதர் எழுதுவது.

1. முதலில் சொற்களைப் பிரித்துவையுங்கோ. நாங்கள் எல்லாவற்றையும் 'பகிடி' என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். பகிடியென்றால் இரண்டு பேரும் சிரிக்கவேண்டும். நாளாந்தம் ஒரே ஆளை வைத்து மற்றவர்கள் சிரித்தால் அது கரைச்சல். கை தோளுக்கு வந்தால், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'நித்திரையோ' என்று வந்தால், அது சேட்டை. பெயர் வைக்கத் தெரியாததை எழுதிக் கொடுக்கவும் தெரியாது.

2. வேலை பழக்குவதைக் கரைச்சல் என்று எண்ணாதேங்கோ. ஒரே கடிதத்தை மூன்று தரம் அடிக்க வைத்த பிரதம லிகிதரை அன்று மனத்துக்குள் திட்டினேன், இன்று கும்பிடுகிறேன். அவர் என் பிழையைக் காட்டினார், என் தகப்பனின் தொழிலைக் காட்டவில்லை. 'எந்த ஊர், ஊரிலை எந்தப் பக்கம்?' என்று இங்கே கேட்பது வழி தெரிந்துகொள்ள அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பிறகு உங்கள் மேசையும் தேநீர்க் கோப்பையும் இடம் மாறினால் அதையும் கரைச்சலில் சேருங்கோ.

3. 1997இல் பேராதனைப் பொறியியல் பீட முதலாம் வருட மாணவன் வரப்பிரகாஷ், பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அடுத்த வருடம் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அது கல்வி நிறுவனங்களுக்கான சட்டம். வதைத்துப் பழகியவனோ பட்டத்தோடு வெளியே வந்து கந்தோரில் ஒரு கதிரையில் இருக்கிறான். 'நாங்களும் பட்டுத்தான் வந்தனாங்கள்' என்பான். அந்த வசனத்தைக் கேட்டால் உசாராகுங்கோ.

4. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கோ. திகதி, நேரம், இடம், பக்கத்தில் நின்றவர்கள், சொன்ன சொல். அன்றிரவே எழுதவேண்டும், கிழமை கழித்து எழுதினால் கோபம் கூடிவிடும், விவரம் குறைந்துவிடும். 'அவமானப்படுத்தினார்' என்று எழுதினால் விசாரிக்கிறவர் மறுபக்கம் புரட்டிவிடுவார். 'மூன்று வாடிக்கையாளருக்கு முன்னால், "கொம்மாவும் இப்பிடித்தான் மந்தமோ" என்று கேட்டார்' என்று எழுதினால் அந்தப் பக்கத்தில் நிற்பார். கெட்ட சொல்லாக இருந்தாலும் கூச்சப்படாமல் அப்படியே எழுதுங்கோ. கொப்பி வீட்டில் இருக்கட்டும், கந்தோர் லாச்சிக்குள் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்ததையும் அழிக்காதேங்கோ; அருவருப்பில் அழித்துவிட்டு வந்து என்னிடம் அழுத பிள்ளைகள் பலர்.

5. ஒருதரம் வாயால் சொல்லுங்கோ: 'இது எனக்குப் பிடிக்கேல்லை, நிப்பாட்டுங்கோ.' குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. 'அண்ணை' என்று கூப்பிட்டால் தங்கச்சியாகப் பார்ப்பார் என்று நம்பாதேங்கோ. தனியாகச் சொல்லப் பயமென்றால் ஓராளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கோ. அதையும் கொப்பியில் எழுதுங்கோ.

6. சேட்டைக்குச் சட்டம் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டது. சொல்லால் செய்தாலும் குற்றம். வேலைத்தலத்தில் அதிகாரம் உள்ளவர் செய்தாலும் குற்றம். ஐந்து வருடம் வரை மறியல். 'ஒருக்காத்தானே' என்று சமாதானம் பேச வருவார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் இலக்கச் சமவாயம், ஒருதரம் நடந்தாலும் அதைத் துன்புறுத்தலாகவே கொள்கிறது. பெண்பிள்ளைகள், பெண்களுக்கான உதவி இலக்கமான 1938ஐப் போனில் பதிந்துவையுங்கோ.

7. கோபத்தில் இராஜினாமா எழுதாதேங்கோ. கரைச்சல் குடுக்கிறவருக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான். 'தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டால், அவர் செய்த எல்லாமும் அந்த மூன்று சொல்லுக்குள் புதைந்துபோகும். முறைப்பாட்டை முதலில் எழுதி, பதிவுத் தபாலில் மேலிடத்துக்கு அனுப்பி, தபால் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கோ. தனியார் வேலையில் நெருக்கி விலகவைத்தால், அதை வேலைநீக்கமாகக் கொள்ளும்படி தொழில் நியாய சபையில் கேட்கலாம். ஆனால் வேலை போய் ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். அரச கந்தோர் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி 1996. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 'தைப்பொங்கல் கழியட்டும், திருவிழா கழியட்டும்' என்று நிற்காதேங்கோ.

8. நியமனக் கடிதத்தை முதல் கிழமையே கேளுங்கோ. தனியார் வேலையென்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டவேண்டும். கட்டுகிறாரா என்று பாருங்கோ. பதிவில் இல்லாத ஆளை மிரட்டுவது லேசு.

9. பக்கத்து மேசைக்கு நடப்பதையும் உங்கள் கொப்பியில் எழுதுங்கோ. என்னோடு வேலைசெய்த ஒரு பிள்ளை முறைப்பாடு எழுதிக்கொண்டு வந்து, 'அண்ணை, நீங்கள் பாத்தனீங்கள்தானே, சாட்சிக் கையெழுத்து வையுங்கோ' என்று நீட்டினாள். எனக்குப் பதவி உயர்வு வர மூன்று மாதம் இருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. உங்களிடம் ஆராவது அப்படியொரு தாளை நீட்டினால் கையெழுத்து வையுங்கோ.