கொய்யாவை ஒதுக்கலாமா?

திருத்தணி மலையில் படியேறி இறங்கியவர்கள் அடிவாரத்தில் முதலில் தேடுவது எலுமிச்சை ஜூஸ். பக்கத்துத் தள்ளுவண்டியில் நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கொய்யா இருக்கும். மூக்கு ஒழுகும் பிள்ளை அதைக் கேட்டால் கிடைக்காது. வைட்டமின் சி என்றால் எலுமிச்சை, கொய்யா தின்றால் சளி பிடிக்கும்: இரண்டும் தமிழ்நாடு முழுக்க ஊறிப்போன எண்ணங்கள். இரண்டுமே தவறு.

100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. எலுமிச்சைச் சாற்றில் 100 மில்லிக்கு 40 முதல் 50 மில்லிகிராம்தான். ஒரு பழத்தைப் பிழிந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் சாறுதான் வரும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். பாதிக் கொய்யா போதும்.

சளியைக் கொண்டுவருவது வைரஸ். பழத்துக்கு அதில் பங்கில்லை.

வைட்டமின் சி மாத்திரை சளியைத் தடுக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியதற்கு ஒரு பெரிய மனிதர் காரணம். இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1970இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பிற்பாடு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு வேறு முடிவுக்கு வந்தது. தினமும் மாத்திரை போட்டாலும் பெரும்பாலோருக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம் அளவுக்குச் சீக்கிரம் விலகியது, அவ்வளவுதான். சளி தொடங்கிய பிறகு போட்டவர்களுக்கு நிலையான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. திருத்தணியின் 365 படி ஏறுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

நெல்லிக்காயின் புகழ் நியாயமானது. அதன் வைட்டமின் சி-யைப் பற்றி குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆராய்ந்தது. அந்தக் கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், பின்னர் மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. 1939-40இல் வடஇந்தியாவின் ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வி கண்டு, ஈறு வீங்கி இரத்தம் கசிந்தவர்களுக்கு நெல்லிக்காய் கைகொடுத்தது. ஆனால் வேகவைத்தாலும் சத்து அப்படியே இருக்கும் என்பது மிகை. புளிப்பும் துவர்ப்பும் சிதைவைத் தாமதப்படுத்தும், நிறுத்திவிடாது. வெந்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு ஒரு பங்கு போய்விடும்.

இத்தனை பேச்சிலும் விடுபட்டுப் போவது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. பாதிக்கு மேல்! கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் இரும்புச்சத்து இருந்தாலும், குடல் அதை எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி அந்த இரும்பின் வேதி வடிவத்தை மாற்றி, கரையும் நிலையில் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் சேர வேண்டும். காலையில் குடித்த எலுமிச்சைத் தண்ணீர் மதியக் கீரைக்கு உதவாது. இரண்டு ஸ்பூன் சாறுதான் என்றாலும் எலுமிச்சை தன் வேலையைக் காட்டுவது சோற்றுத் தட்டில்தான். சளிக்குப் பேசும் பேச்சில் பாதியையாவது இதற்குப் பேசியிருக்க வேண்டும்.

எலுமிச்சை சாதம் கிளறும் கை இதை ஏற்கெனவே செய்கிறது. சாறு கொதித்தால் கசக்கும் என்று, அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிவார்கள். கசப்புக்காகச் செய்த பக்குவம் வைட்டமினையும் காப்பாற்றுகிறது. கீரை மசியலுக்கும் பருப்புக்கும் அதையே செய்யலாம். முருங்கைக்கீரையில் இரும்பும் உண்டு, வைட்டமின் சி-யும் உண்டு. நெடுநேரம் வேகும்போது பின்னது பெருமளவு போய்விடுவதால், இறக்கியபின் பிழியும் அரை மூடி எலுமிச்சை அங்கேயும் வேண்டும். சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யா இருந்தால் இன்னும் நல்லது.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இந்த உதவியைப் பறித்துவிடும். டீயின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

சோகை முற்றியவர்களுக்குப் பழம் மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போட வேண்டும், டீயோடு போடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் கிராம் கணக்கில் வைட்டமின் சி மாத்திரை விழுங்குவதைத் தவிர்க்க வேண்டும். மிஞ்சியதில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிக் கல்லுக்குத் தீனி போடும்.