ஆய்வகத்துக் காற்றும் கரண்ட் கணக்கும்



ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று மதரஸாவில் படித்தோம். காற்றிலும் வீண்விரயம் உண்டா? வேதியியல் படித்து, கடலூர் சிப்காட்டுக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் போகும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது.

வீட்டு ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஆய்வகத்தில் அப்படிச் செய்தால் அமில ஆவி மறுபடி மூக்குக்கே வரும். ஆகவே கண்ணாடிக் கதவு வைத்த ஃப்யூம் ஹூட், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அதன் வாய் ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் திறந்திருக்கிறது, காற்று வினாடிக்கு அரை மீட்டர் போகிறது என்று வையுங்கள். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் காற்று முழுவதும் 8 நிமிடத்தில் வெளியேறிவிடும்! ஈடாக உள்ளே வருவது கடலூர்ப் பக்கத்து ஈரக்காற்று. அதைக் குளிர்விக்க ஒரு செலவு, ஈரத்தைப் பிழிந்தெடுக்க இன்னொரு செலவு.

பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு இதைக் கணினியில் கணக்கிடுகிறார்கள். வழக்கமான முறையில் கட்டியதாக ஒன்று, நம் திட்டப்படி ஒன்று. இரண்டையும் அந்த ஊர் வெயில், ஈரத்தோடு வருடத்தின் 8760 மணி நேரமும் ஓட்டிப் பார்த்து, மிச்சமாகும் மின்சாரத்துக்கு மதிப்பெண் தருகிறார்கள். கதவை இறக்கும்போது விசிறி தானாக வேகம் குறையும்படி அமைத்தால் லாபம் பெரிது. காற்று பாதியானால் விசிறிக்கு வேண்டிய மின்சாரம், கணக்குப்படி, எட்டில் ஒரு பங்குதான்.

ஆனால் கதவை யாரும் இறக்காவிட்டால்? சான்றிதழ் சுவரில் தொங்கும், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மிச்சம் பிடிப்பதாக எண்ணி விசிறியையே நிறுத்துவது அதைவிட மோசம். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்று. கரண்ட் பில் அதற்குப் பிறகுதான்.

ஹைதராபாத்தில் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003இல் லீட் பிளாட்டினம் சான்று பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அதுவே முதல். 2004 ஜூலை 14இல் திறந்து வைத்தவர் நம் அப்துல் கலாம். அது ஆய்வகமல்ல. ஆனாலும் வெளிக்காற்றை ஏ.சி.க்கு அனுப்புமுன் குளிர்விக்க அங்கே இரண்டு காற்றுக் கோபுரங்கள் இருக்கின்றன. பாரசீகத்து வீடுகளில் பழங்காலந்தொட்டு இருந்த யோசனைதான்.

இந்தக் கணக்குக்கான எனர்ஜிபிளஸ் மென்பொருள் இலவசம். பொறியியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம். கணினி இல்லாதவர்கள் அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரவும்.


செயலாளர்