சர்க்கரை உள்ளவருக்குக் கட்டியைக் கீறலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. சர்க்கரை நோய் இருக்கிறது. பின்கழுத்தில் வந்த கட்டி, மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையை 5 நாள் சாப்பிட்டும் அடங்கவில்லை. சீழ் வைத்துவிட்டது, கீறி எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ‘சர்க்கரை உடம்பில் கத்தி படக் கூடாது, புண் ஆறாது’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வீரியமான மாத்திரைக்கு மாறிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், கீறிவிடுங்கள். மாத்திரை ரத்தத்தோடுதான் போய்ச் சேர வேண்டும். சீழ்க்குழிக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. எந்த வீரிய மருந்தும் அங்கே போதிய அளவு நுழையாது. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சீழ்க்கட்டியைக் கீறியபின் ஆன்டிபயாட்டிக்கும் பெற்றவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் குணமானார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் 74 சதவீதம். பெரும்பங்கு வேலை கத்தியுடையது, மாத்திரை துணைக்குத்தான். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அந்தத் துணை கட்டாயம் வேண்டும். சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும்.

கட்டியில் பல கண்கள் தெரிகின்றனவா? அப்படியானால் அது ராஜபிளவையாக இருக்கலாம். பின்கழுத்தில் தோல் தடிமன் என்பதால் சீழ் வெளியே வர வழியின்றி அடியில் பக்கவாட்டில் பரவும். சின்னக் கீறல் போதாது. செத்த சதையையும் வெட்டி எடுக்க நேரும். காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டு, தினமும் கட்டுப் போடுவார்கள். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். மேலே மூடி உள்ளே சீழ் தங்குவதைவிட, அடியிலிருந்து சதை வளர்ந்து மூடுவதே நல்லது.

புண் ஆறாமல் போவதற்குக் கத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டுக்குள் வராத சர்க்கரைதான் காரணம். உள்ளே சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் இறங்க மறுக்கும். சில நாள் இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லாத் தோல் தொற்றுக்கும் கத்தி தேவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீழ் இல்லாமல் சிவந்து, சூடாக வீங்கிப் பரவும் செல்லுலைட்டிஸுக்கு ஆன்டிபயாட்டிக்கே பெரும்பாலும் போதும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: வீக்கத்துக்கு மிஞ்சிய கடும் வலி, தோல் கறுத்தல், கொப்புளம், காய்ச்சலோடு தலைசுற்றல், பேச்சுக் குழறல் — இவற்றில் எது வந்தாலும் சதையைத் தின்னும் தொற்றாக இருக்கலாம். அதில் சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறிக்கும். விடியட்டும் என்று காத்திராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.