கெரிஞ்சி கொச்சை மலாய் அல்ல

“கெரிஞ்சியா? மலாயைக் கடித்துத் துப்பிய கொச்சைதானே அது!” மொழிகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சுமத்திராவின் ஜாம்பி மாநில மலைப் பள்ளத்தாக்கில், சுங்கை பெனு நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வழங்கும் மொழி இது. மலாய்க்கு நெருங்கிய உறவு என்பது உண்மை. அதற்காகத் தங்கையை அக்காளின் சிதைவு என்பீர்களா?

“சொல்லின் ஈற்றை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள்” என்பதுதான் குற்றச்சாட்டு. இஷ்டம் இல்லை ஐயா, இலக்கணம்! மலாய்ச் சொல்லின் இறுதி இகரமும் உகரமும் கெரிஞ்சியில் ஈருயிராக (‘ஐ’, ‘ஔ’ போன்ற கூட்டுயிராக) திரிகின்றன. எந்த ஈருயிர் என்பதையும் விதியே முடிவு செய்கிறது: சொல்லுக்குள் அதிர்வொலி வல்லினம் (நம் ‘கம்பு’, ‘தங்கம்’ சொற்களில் ப, க ஒலிப்பதுபோல) இருந்தால் ஒன்று, இல்லையேல் வேறொன்று. மொழியியலாளர்கள் பிரென்டிசும் ஹக்கீம் உஸ்மானும் இந்த ஒலிமாற்றங்களை 1978இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்.

இன்னும் கேளுங்கள். தமிழில் ‘வீடு’ தனியே நிற்கும். வாசல் சேர்ந்தால் ‘வீட்டு வாசல்’ ஆகும். கெரிஞ்சிச் சொற்களுக்கும் இப்படித் தனிவடிவம் ஒன்று, சார்புவடிவம் ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லோடு நிற்காமல் வினைச்சொல்லிலும் இது நடக்கிறது. தஞ்சுங் பாவ் முடிக் என்னும் ஊரின் பேச்சை ஆராய்ந்து மெக்கின்னன், கோல், ஹெர்மன் மூவரும் 2011இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். செயப்படுபொருளை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டாலும், வினையின் ஈறே அது உண்டென்று காட்டிவிடுகிறது. பொது மலாயில் இந்த ஏற்பாடு கிடையாது. அப்படியிருக்க, இலக்கணம் இல்லாதது என்று எதைச் சொல்கிறீர்கள்?

கெரிஞ்சியைப் பற்றிய மற்றத் தவறான கருத்துகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

“எழுத்தே இல்லாத மொழி.” தவறு. எருமைக் கொம்பிலும் மூங்கிலிலும் இன்சுங் என்ற எழுத்தில் எழுதி, குலச்சொத்தாகக் காத்தவர்கள் இவர்கள். இன்றுவரை கிடைத்த மலாய்ச் சுவடிகளில் மிகப் பழையதான 14ஆம் நூற்றாண்டுச் சட்டச் சுவடி, கெரிஞ்சியின் தஞ்சுங் தானா ஊரில்தான் காக்கப்பட்டது.

“இன்சுங் பல்லவ எழுத்து வழியில் வந்தது, எனவே மொழியும் தமிழின் பிள்ளை.” முதல் பாதி சரி, மறுபாதி வீண்பெருமை. எழுத்து கடல் கடக்கும். அதனால் மொழிக்குத் தாய் மாறாது.

“கெரிஞ்சி முழுக்க ஒரே பேச்சு.” இல்லை. பக்கத்து ஊருக்குப் போனாலே ஈறுகள் மாறும்.

இப்படிப்பட்ட ஈறுகளைத்தான் ‘பிழை’ என்று திருத்தித் திருத்தி ஒழிக்கிறோம். எந்த மொழியானாலும் பிள்ளையின் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று வகுப்பறையில் சொல்வதை ஆசிரியர்கள் இன்றே நிறுத்த வேண்டும். பாட்டி பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பதிவோடு ஊர்ப்பெயரையும் மறக்காமல் எழுதி வையுங்கள். ஊர் தெரியாவிட்டால் அந்த ஈறு யாருடையது என்று பின்னால் எவராலும் சொல்ல முடியாது.